மாப்பிள்ளை அலமாரியில் 43 முகங்கள்

இது நீண்ட பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

சென்ற ஆண்டு ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்தேன். தெற்குக் கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம். போய் இறங்கிய முதல் இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து கூடத்து விளக்கைப் போட்டேன். கண்ணாடி அலமாரிக்குள்ளிருந்து வரிசையாக முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சாண் உயரம் இருக்கும். பல்லை இளித்தபடி சில, கண்ணை இறுக மூடியபடி சில, நாக்கை நீட்டியபடி ஒன்று. பாசிப்பச்சை, காப்பிக்கொட்டை நிறம், சாம்பல். "முருகா" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்தேன். தண்ணீர் குடிக்கவில்லை. மாப்பிள்ளை ஏதும் மாந்திரீகத்தின் பக்கம் போய்விட்டாரோ என்று விடியும்வரை ஒரே யோசனை.

காலையில் மகளிடம் கேட்டால், "அதுவாம்மா, அவரோட டிக்கி" என்கிறாள். நமக்கு டிக்கி என்றால் காரின் பின்பக்கம் சாமான் வைக்கிற இடம். "டிக்கியை எதுக்குடி அலமாரியில வச்சிருக்கு?" என்று கேட்டேன். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

விஷயம் இதுதான். அவை பீங்கான் குவளைகள். டிக்கி மக் என்கிறார்கள். பசிபிக் பெருங்கடல் தீவுகளின் மரச்சிலை, கற்சிலை முகங்களைப் போல வார்த்து, உள்ளே மது ஊற்றிக் கொடுப்பதற்காகச் செய்தவை. 1950களின் பிற்பகுதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு அமெரிக்காவில் இந்த மோகம் பிடித்து ஆட்டியிருக்கிறது. மூங்கில் தட்டி, கீற்றுக் கூரை, மங்கலான விளக்கு, நடுவே ஒரு செயற்கை அருவி என்று உணவகங்கள். அங்கே போய்க் குடித்தவர்கள் நினைவுக்காகக் குவளையைக் காசு கொடுத்து வாங்கி வந்தார்கள். சிலர் கைப்பைக்குள் போட்டுக்கொண்டும் வந்தார்கள். அவர்கள் இறந்தபின் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது அந்தக் குவளைகள் பழம்பொருள் சந்தைக்கு வருகின்றன. அதை வாங்கிச் சேர்க்க ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. சாதாரணமானவை பத்து இருபது டாலர். அரிதானவை பல நூறு டாலர்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள். அப்பன் குடித்துவிட்டுத் தெருவில் கிடந்ததால் பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகளை வீடு தேடிப் போய்க் கூட்டி வந்தவள். மதுக் கோப்பையை ஷோகேசில் வைத்து அழகு பார்ப்பது எனக்கு எப்படிப் பிடிக்கும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டேன். "இதில நீங்க குடிப்பீங்களா மாப்பிள்ளை?"

"ஐயோ இல்ல அத்தை. பழைய பூச்சில ஈயம் இருக்கலாம். புளிப்பா எதையாவது ஊத்தினா கரைஞ்சு வரும். இது பார்க்க மட்டும்தான்."

அதற்குப் பிறகு அவர் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அங்கேதான் நான் விழுந்தேன்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கைவேலை ஒரு பாடம். பாரிஸ் சாந்து அச்சில் மாம்பழம், கத்தரிக்காய் எல்லாம் வார்த்து வர்ணம் அடித்திருக்கிறோம். ஆகவே பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடிய மெல்லிய தழும்பைப் பார்த்ததும் "இது இரண்டு பாதி அச்சு" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பாரிஸ் சாந்து அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் ஒரு தோல் போலக் களிமண் படியும். தேவையான கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை. தழும்பைச் சீவி, சூளையில் சுட்டு, பூச்சுக் கொடுத்து, மறுபடி சுட வேண்டும். ஒரே அச்சில் ஊற்றிக்கொண்டே போனால் சாந்து தேயும். மூக்கும் பல்லும் மழுங்கும். அதனால் கூர்மையான முகத்துக்கு மதிப்பு அதிகம். மெருகில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருந்தால் விலை இறங்கும்.

"முகத்தைப் பார்க்கிறவன் புதுசு அத்தை. பழகினவன் முதல்ல கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பான்" என்றார் மாப்பிள்ளை. அடியில் முத்திரை இருக்கும். ஓ.எம்.சி. என்று இருந்தால் ஒட்டகிரி என்ற சான் பிரான்சிஸ்கோ இறக்குமதி நிறுவனம். செய்தது ஜப்பானில். இன்னொன்றின் அடியில் 'ஆர்க்கிட்ஸ் ஆஃப் ஹவாய்' என்று இருந்தது. "அப்பாடா, இதாவது ஹவாயில செஞ்சதா?" என்றேன். இல்லையாம். அந்த நிறுவனம் இருந்தது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். செய்தது ஜப்பானில். பேர்தான் ஹவாய்.

இந்த இடத்தில் என் மனதில் ஒரு முள் தைத்தது. என்ன முள் என்று அப்போது புரியவில்லை.

பாசடீனா ஊரில் ரோஸ் பவுல் மைதானத்தில் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தை கூடும். நம் ஊர் வாரச் சந்தையை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை என்னையும் அழைத்துப் போனார். அவர் ஒரு கடையில் கற்சிலை முகக் குவளையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடையில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் நிறம், கையடக்கம். ஆசையாக எடுத்தேன். மெழுகு. தலை உச்சியில் ஒரு திரி.

மெழுகுவர்த்தி அது. பற்றவைத்தால் முதலில் தலை உருகும். பிறகு கண், காது, தும்பிக்கை, கடைசியில் தொப்பை.

எனக்குக் கை நடுங்கியது. கடைக்காரப் பெண் நல்ல மாதிரிதான். "அழகாக எரியும்" என்று சிரித்த முகமாகச் சொன்னாள். மூன்று டாலர் கொடுத்து வாங்கிவிட்டேன். எரிக்க விடக்கூடாதே என்றுதான் வாங்கினேன். காரில் வரும்போது மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "அத்தை, இனி நீங்களும் கலெக்டர்தான்." நான் பதில் பேசவில்லை. மடியில் பிள்ளையார். அவர் பக்கத்து இருக்கையில் ஒரு துணிப்பைக்குள், நாற்பத்தைந்து டாலருக்கு வாங்கிய இன்னொருவருடைய முன்னோர்.

அன்றைக்குத்தான் முள் எது என்று தெரிந்தது. ஒரு குவளை எந்த உணவகத்தில் இருந்தது, எந்த நிறுவனம் இறக்கியது, பச்சைப் பூச்சு அரிதா பழுப்பு அரிதா என்பதெல்லாம் மாப்பிள்ளைக்கும் அவர் நண்பர்களுக்கும் மனப்பாடம். "இது யார் முகம்?" என்று கேட்டால் மட்டும் "டிக்கி காட் அத்தை" என்பார். எந்தச் சாமி, எந்தத் தீவு, இன்றைக்கும் யாராவது கும்பிடுகிறார்களா? தெரியாது. இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இதை மட்டும் படிக்கவில்லை. அதுதான் என் குறை. இந்தப் பதிவே அதற்குத்தான்.

அங்கே நூலகம் ஒரு வரப்பிரசாதம். பேத்தியை அகராதியாக வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். படித்ததில் எனக்குப் பதிந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கியது. அதையொட்டி எர்னஸ்ட் கான்ட் என்பவர் ஹாலிவுட்டில் தென்கடல் தீவு போல அலங்கரித்த ஒரு சின்ன மதுக்கடை திறந்தார். 'டான் தி பீச்கோம்பர்' என்று பெயர். பிறகு தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். ஓக்லந்தில் விக்டர் பெர்ஜரான் என்பவர் 'டிரேடர் விக்ஸ்' நடத்தினார். இருவரும் பேர் வாங்கினார்கள். உள்ளே நின்று பானம் கலக்கியவர்களில் பலர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களில் ரே புஹென் என்பவர் 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'டிக்கி டி' என்று சொந்தமாக ஒரு கடை வைத்து, அது குடும்பத்தோடு நிலைத்துவிட்டது. பரிமாறிய சாப்பாடு பெரும்பாலும் சீனச் சாப்பாடு. குவளை ஜப்பான். கலக்கியது பிலிப்பைன்ஸ் கை. தீவுக்காரர் ஒருவரையும் இந்தக் கதையில் காணோம் பாருங்கள். அவர் முகம் மட்டும் மேசையில் இருக்கிறது.

போருக்குப் பசிபிக் போன சிப்பாய்கள் திரும்பி வந்ததும், 1947இல் ஜேம்ஸ் மிச்னரின் தென்பசிபிக் கதைகள் வந்ததும், அதே ஆண்டு தோர் ஹேயர்தால் கோன்-டிக்கி என்ற கட்டுமரத்தில் பெருவிலிருந்து 101 நாள் மிதந்து போனதும் மோகத்தைக் கிளப்பிவிட்டன. 1959இல் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமானது உச்சம். ஹவாய்க்கு ஒரு அரசி இருந்தார், 1893இல் அவரைக் கவிழ்த்தார்கள், 1898இல் தீவுகளை அமெரிக்கா இணைத்துக்கொண்டது என்பது குடித்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? நூறு வருடம் கழித்து 1993இல் அமெரிக்க நாடாளுமன்றமே மன்னிப்புத் தீர்மானம் போட்டது. இதே பெருங்கடலில் மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை 67 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்திருக்கிறார்கள். உணவகங்களில் செயற்கை அருவி கொட்டிய அதே ஆண்டுகள்.

சரி, முகங்களுக்கு வருகிறேன். வகுப்பில் செய்வது போலப் பேத்தியின் வரைபடத்தில் ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு எனப்படும் ராப்பா நூயி மூன்றையும் பென்சிலால் இணைத்தேன். பெரிய முக்கோணம். ஹவாயிலிருந்து நியூசிலாந்து மட்டுமே ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இந்த முக்கோணத்துக்குள் எத்தனை மக்கள், எத்தனை மொழி. அத்தனையும் ஒரே அலமாரியில் 'டிக்கி'.

டிக்கி என்ற சொல்லே ஒருவருடைய பெயர். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் மரபுகள் பலவற்றில் டிக்கிதான் முதல் மனிதன். தலையை ஒரு பக்கம் சாய்த்த சிறு உருவத்தைப் பச்சைக்கல்லில் செதுக்கிக் கழுத்தில் அணிவார்கள். தாத்தா பாட்டி அணிந்தது பேரப்பிள்ளைக்கு வரும். நம் வீட்டுத் தாலிச் சங்கிலி மாதிரி, அதைவிடப் பெரிது.

நீண்ட முகமும் நீண்ட காதுமாக இருக்கும் குவளை ராப்பா நூயியின் மோவாய் கற்சிலை. அவை இறந்த முன்னோர்கள். 1868இல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் அப்படி ஒருவரைத் தூக்கிப் போனது. இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கிறார். 2018இல் தீவுக்காரர்கள் லண்டனுக்கே போய்த் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார்கள்.

எட்டைப் படுக்க வைத்த மாதிரி வாயைத் திறந்து உறுமுகிற முகம் ஹவாயின் கூ என்ற தெய்வத்தினுடையது. 1819இல் ஹவாய் அரசரே பழைய சமயக் கட்டுப்பாடுகளை நீக்கிக் கோயில் சிலைகளை அழிக்க உத்தரவிட்டார். அதற்கு அடுத்த ஆண்டுதான் மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். கூவின் பெரிய மரச்சிலைகளில் மிஞ்சியவை மூன்று. ஒன்று ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில், ஒன்று சேலத்தில், ஒன்று லண்டனில். (சேலம் என்றதும் நிமிர்ந்தேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம்.) 2010இல் மூன்றையும் ஹொனலுலுவில் ஒன்றாக நிறுத்தினார்கள். உலகத்தில் மூன்றே மூன்று. குவளையில்? கணக்கே கிடையாது.

இதெல்லாம் படித்தபோது வராத அதிர்ச்சி ஒரு சிறிய விஷயத்தைப் படித்தபோது வந்தது. மாவோரி மக்களுக்குத் தலை என்பது புனிதத்திலும் புனிதம். தபு என்பார்கள். சாப்பாடும் பானமும் அந்தப் புனிதத்தைக் கலைக்கும் பொருட்கள். அதனால் தலைக்கு மேலாக உணவை நீட்ட மாட்டார்கள். சாப்பிடும் மேசைமேல் உட்கார மாட்டார்கள். தலைக்குத் தொடர்பான துணியையும் சமையலறைத் துணியையும் ஒன்றாகத் துவைக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவர்களின் முதல் மனிதனுடைய பெயரை வைத்து, தலையைக் குடைந்து, உள்ளே ரம் ஊற்றி, நடுமண்டையில் உறிஞ்சுகுழல் குத்திக் கொடுத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே அவமதிக்க நினைத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாகச் செய்திருக்க முடியாது. தெரியாமல் செய்தார்கள், அவ்வளவுதான். பிள்ளையார் தலையில் திரி வைத்தவளும் தெரியாமல்தான் வைத்தாள்.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் நல்ல பதில்கள் வைத்திருந்தார். அதையும் சொல்வதுதான் நியாயம். முதலாவது, இது தீவு மக்களின் கலை என்று யாரும் சொல்லவில்லை, அமெரிக்கர்கள் தங்கள் ஏக்கத்துக்கு உருவாக்கிக்கொண்ட ஒரு கற்பனை, அந்தக் காலத்து அமெரிக்காவைப் புரிந்துகொள்ள இது ஒரு சான்று. ஸ்வென் கிர்ஸ்டன் என்பவர் 2000இல் எழுதிய 'தி புக் ஆஃப் டிக்கி' புத்தகமும் இப்படித்தான் பார்க்கிறது. இரண்டாவது, ஹவாய்க்காரர்களே கடை வைத்து விற்றார்களே! மூன்றாவதுதான் என்னை மடக்கியது. "நம்ம ஊர்ல பிள்ளையார் கிரிக்கெட் ஆடுறாரு, லேப்டாப் தட்டுறாரு. அது பரவாயில்லையா அத்தை?"

இரண்டு நாள் யோசித்தேன். வயிற்றுப்பாட்டுக்கு விற்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு என்ன வழி விட்டார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். கிரிக்கெட் ஆடும் பிள்ளையாரைச் செய்கிறவனுக்கு அவர் யார் என்று தெரியும். வாங்குகிற நமக்கும் தெரியும். சதுர்த்திக்கு அவரையே களிமண்ணில் பிடித்து எருக்கமாலை போட்டுக் கும்பிடுவோம். வீட்டுப் பிள்ளையைக் கேலி செய்வது வேறு. தெருவில் போகிற பிள்ளையைப் பெயர்கூடக் கேட்காமல் பிடித்துவந்து வேடம் கட்டி ஆடவிடுவது வேறு. கற்பனை என்கிறீர்கள், சரி. எதை வைத்துக் கற்பனை? பெயர் அவர்களுடையது, முகம் அவர்களுடையது. கேட்டார்களா?

"அப்போ எல்லாத்தையும் உடைச்சிடவா?" என்றார் கொஞ்சம் கோபமாக. மகள் அடுக்களையிலிருந்து என்னை முறைத்தாள். மாப்பிள்ளை வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு பாடம் எடுக்கிறேன் என்று.

உடைக்கச் சொல்லவே இல்லை. அந்தக் குவளையில் ஒரு ஜப்பான் தொழிலாளியின் கையும் இருக்கிறது. தழும்பைச் சீவியவர், புருவத்துக்குத் தூரிகை இழுத்தவர், யார் பெயரும் எங்கும் இல்லை. எத்தனை குவளை கவிழ்த்தாலும் அடியில் இருப்பது விற்றவர் பெயர்தான். செய்தவரும் தெரியாது, முகத்துக்குரியவரும் தெரியாது. உடைத்தால் இந்த இரண்டு பேரும் ஒரேயடியாகப் போய்விடுவார்கள்.

இப்படிப் பேச்சு அந்தரத்தில் நின்றபோது பேத்தியின் பிறந்தநாள் வந்தது.

பேத்தியை நடத்திப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. அங்கே சமோவாத் தீவு வம்சத்துப் பாட்டி ஒருவர் தன் பேத்தியை விட வருவார். இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பு. என் அரைகுறை இங்கிலீஷுக்கு அவர் பொறுமையாகக் காது கொடுப்பார். பிறந்தநாளுக்கு அவர்களும் வந்தார்கள். பானி போபோ என்று தேங்காய்ப்பாலில் ஊறிய பன் ஒரு தட்டு நிறையக் கொண்டு வந்திருந்தார். நம் நாக்குக்கு அப்படியே ஒத்துப்போகிறது.

அலமாரியை மூடி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதில் ஒரு பெரிய கிண்ணம் உண்டு. நாலு பேர் சேர்ந்து குழல் போட்டு உறிஞ்சுகிற கிண்ணம். சுற்றிலும் மேலாடை இல்லாத தீவுப் பெண்கள் ஆடுகிற மாதிரி. 1960களில் செய்தது. மாப்பிள்ளையிடம் இருப்பதிலேயே விலை அதிகமானது அதுதான். அந்தப் பாட்டி அலமாரி முன்னால் சற்று நேரம் நின்றார். உறுமுகிற முகங்களைப் பற்றி நான் பயந்துகொண்டே கேட்டேன். "அது நாங்கள் இல்லை. அது ஹவாய். இது ரொம்ப தூரம். எங்கள் தீவில் நாங்கள் இப்படிச் செதுக்கியதில்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்" என்று சாதாரணமாகச் சொன்னார். ஆடும் பெண்களைக் காட்டி, "ஹூலாவா?" என்றேன். "ஹூலா ஹவாயில். எங்கள் ஆட்டத்துக்குப் பெயர் சிவா" என்றார். (உடனே பின்னூட்டத்தில் ஆடல்வல்லான், குமரிக்கண்டம் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஒலி ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவே.)

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "என் பேத்தி இதைப் பார்க்க வேண்டாம். அவளும் சிவா கற்றுக்கொள்கிறாள்" என்றார். கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பெண் இருந்தாள். கடைசியில் தன் கைக்குட்டையை எடுத்து அதன் மேல் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் குழந்தைகளோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் ஒரு மாதமாக நூலகத்தில் தலை, தெய்வம், தபு என்று படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிண்ணத்தை அழகாக இருக்கிறது என்று நானே ஒருநாள் துடைத்து வைத்திருக்கிறேன். அதில் இருந்தது யாருடைய மகள் என்று எனக்கும் தோன்றவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளையும் கைக்குட்டையைப் பார்த்திருந்தார். இரவு அவரே பேச்சை எடுத்தார். "மறைச்சு வச்சா மட்டும் நடந்தது இல்லைன்னு ஆயிடுமா அத்தை?" நியாயமான கேள்விதான். பாடப்புத்தகத்தில் பிடிக்காத பக்கத்தைக் கிழித்தால் பாடம் மாறிவிடாது. ஆனால் கூடத்தில் விளக்குப் போட்டு வைப்பதும் பரணில் பத்திரமாக வைப்பதும் ஒன்றில்லையே என்றேன். கூடம் என்பது வருகிறவர்களுக்கு நாம் சொல்லும் வணக்கம் மாதிரி.

அந்தக் கிண்ணம் பரணுக்குப் போகவில்லை. கராஜில் ஒரு பெட்டிக்குப் போனது. மற்ற குவளைகளுக்கு ஒரு வேலை செய்யலாம் என்றேன். பள்ளிக் கண்காட்சியில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு அட்டை எழுதி வைப்போமே, அது. அட்டை இல்லாத பொருளை மேசையிலேயே ஏற்ற மாட்டேன் நான். ஒவ்வொரு குவளைக்கும் நாலு வரி. யார் முகம், எந்தத் தீவு. யார் விற்றது. எங்கே செய்தது. எப்போது எவ்வளவுக்கு வாங்கியது. பேத்தி எழுதினாள், மாப்பிள்ளை சொன்னார், நான் திருத்தினேன். மூன்று வார இறுதிகள் ஆயின.

கடைசி மூன்று வரிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நிரம்பின. முதல் வரிதான் தகராறு. கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது ஒன்பது மோவாய், ஐந்து கூ, தலை சாய்த்த மாவோரி உருவம் மூன்று. ஆக 17. மிச்சம் 26இல் காது ஒரு தீவு, வாய் ஒரு தீவு, மூக்கு வரைந்தவரின் கற்பனை. அவற்றுக்கு "கலவை. யார் முகமும் அல்ல" என்று எழுதச் சொன்னேன். அதைப் படித்துவிட்டு மாப்பிள்ளை, "இனிமே கலவை வாங்கறதில்ல அத்தை" என்றார். வாங்குவாரா மாட்டாரா என்று நான் கண்காணிக்கப் போவதில்லை. புதிதாகச் செய்து விற்கிற நிறுவனங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. பல குவளைகள் சீனாவில் தயாராகி வருகின்றன. அவர்களுக்குச் சாக்கு கிடையாது. 1960இல் இருந்தவருக்குத் தெரிந்துகொள்வது கடினம். இன்றைக்கு யார் முகம் என்று அடியில் ஒரு வரி அச்சிடவும், அந்த மக்களில் ஒரு சிற்பியைக் கேட்டு அவருக்குரிய பங்கைக் கொடுக்கவும் என்ன தடை? குறைந்தது உறிஞ்சுகுழலை மண்டைக்குள் குத்தாமல் இருக்கலாம்.

நம்மவர்கள் நிறையப் பேர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய மரக்கதவையோ பித்தளைச் சிலையையோ கூடத்தில் வைத்திருப்பீர்கள். அதற்கும் ஒரு அட்டை எழுதி வையுங்கள். எந்த ஊர், எந்தச் சாமி, யார் வீடு என்று. உங்கள் பேரப்பிள்ளைக்கு அது வெறும் 'இந்தியன் காட்' ஆகிவிடும் காலம் ரொம்ப தூரத்தில் இல்லை.

ஊர் திரும்பும்போது மெழுகுப் பிள்ளையாரையும் பெட்டியில் துணி சுற்றிக் கொண்டு வந்தேன். வந்த பிறகுதான் சிக்கல். பூஜையறையில் வைக்க மனம் ஒப்பவில்லை, திரி இருக்கிறது. குப்பையில் போட முடியுமா? ஆற்றில் விடலாம் என்றால் மெழுகு கரையாது, மிதந்து வேறு எவன் கையிலாவது சேரும். அடுத்த வீட்டு அக்கா திரியைப் பிடுங்கிவிட்டால் சாமிதானே என்கிறார். பிடுங்கினால் தலையில் ஓட்டை விழும். இப்போதைக்கு ஃபிரிட்ஜ் மேலே ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கிறார். மே மாதத் திருநெல்வேலி வெயிலில் தும்பிக்கை லேசாகச் சாய்ந்துவிட்டது. இன்னொரு கோடையைத் தாங்குவாரா தெரியவில்லை. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.